ஏவினவன் பொறுப்பு

மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களிலே கண்ணகி வழக்குரை பாடப்பெறுவதை அறியாதார் இலர். அவ்வழக்கில் யான் மாணாக்கர்க்குச் சுட்டிக் காட்டுவது ஒன்றுண்டு. பாண்டியன் தன் கையாற் கோவலனை வெட்டினானல்லன். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வாளோச்சியவன் காவலன். எனினும் இளங்கோவடிகள் காட்டும் மன்னன் அவர்மேற் பழியை ஏற்றித் தான் ஒதுங்கவில்லை. ஆணை தனது, ஆதலின் குற்றமும் தனதே எனக் கொண்டு அரியணையிலேயே உயிர் துறந்தான்.

இக்கால வணிகம் ஒதுங்குதலையே கற்றிருக்கின்றது. கதிரவெளியில் யான் கற்பித்த பெண்பிள்ளைகளுட் சிலர், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துக்கு ஆடை தைக்கச் செல்கின்றனர். சட்டையிற் பொறித்த பெயர் கடல்கடந்த கம்பனியுடையது. சம்பளச் சீட்டிலுள்ள பெயரோ வேறு. விலையையும் தவணையையும் விதிப்பது முன்னது. பிள்ளைக்கு இன்னல் நேரின், 'தொழிற்சாலை எமதன்று' என்பதும் அதுவே. 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டபோது, இடிபாட்டிற் கிடந்த பெயர்ச் சீட்டுகளைப் பொறுக்கியே வாங்கினோர் இன்னார் என்று காட்ட வேண்டியிருந்தது.

வணிகத் தொடர்பால் விளையும் மனித உரிமைக் கேட்டையும் கம்பனிகள் ஆராய்ந்து தடுத்தல் வேண்டும் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை 2011இல் நெறிகளை ஏற்றது. ஆனால் அவை கட்டுப்படுத்தா. வியங்கோளுக்கும் ஏவலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை.

ஏவலாக ஒன்று எழுதப்பட்டது தமிழகத்துத் திண்டுக்கல்லில். அதுவும் ஓர் உயிர் போனபின். நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் உழைத்த தலித் இளம்பெண் ஒருத்தி 2021 ஜனவரியிற் கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளன் கைதானான். பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஓயாது போராடிற்று. 2022 ஏப்ரலில் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்சும், ஆடை வாங்கும் சுவீடன் கம்பனியான எச் அண்ட் எம்மும் சங்கத்தோடு கையெழுத்திட்டன. பின்னர் கேப், பிவிஎச் ஆகிய அமெரிக்கக் கம்பனிகளும் சேர்ந்தன. பெண்கள்மீதும் தாழ்த்தப்பட்டோர்மீதும் நிகழும் வன்முறையைத் தொழிலாளருள் தெரிவானவர்களே கண்காணிப்பர். தொழிற்சாலை தவறின், வாங்குவோர் வணிகத்தைக் குறைத்துத் தண்டிக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர். ஓலை விடுத்தவனைத் தையற்கூடத்தோடு பிணைத்த கயிறு இதுவே. 2024இல் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவிலும் இதனைப் பின்பற்றி ஓர் ஒப்பந்தம் எழுந்தது.

வழக்குரை காதையோடு இதனையும் வகுப்பிற் சொன்னேன். "ஐயா, அக்கா தைக்கிற சட்டையில இருக்கிற பேரப் பாத்து அந்தக் கம்பனிக்கு நாம எழுதலாமா?" என்றாள் ஒரு மாணவி. பெயரை எழுதிவரச் சொல்லியிருக்கின்றேன்.