செயற்கை முழங்கால் எத்தனை வருடம் தாங்கும்?

"முழங்காலை மாற்றினால் பத்து வருடத்துக்குத்தான் பாவிக்கலாமாம். பிறகு திரும்பவும் வெட்ட வேண்டுமாம்."

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கலியாண வீட்டிலோ, நோயாளியைப் பார்க்கப் போன இடத்திலோ யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். இதைக் கேட்டுவிட்டு எழுபது வயதான உம்மா ஒருவர், இரவில் கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும் நிலையிலும், "இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்று வருடங்களைக் கடத்துகிறார். இன்னொரு வீட்டில் ஐம்பது வயதை இப்போதுதான் தாண்டிய ஒருவர், "புது உலோகமாம், முப்பது வருடம் தாங்குமாம்" என்ற பேச்சை நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து அவசரப்படுகிறார். இருவரும் எடுக்கும் முடிவு பெரியது. ஆனால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கோ செவிவழிச் செய்தி.

சரியான கணக்கு என்ன என்பதை வாசகர்களாகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

உள்ளே இருப்பது என்ன?

முழங்காலை மாற்றுவது என்றால் முழு மூட்டையும் கழற்றி எறிவதல்ல. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, அவற்றின் மேல் கவசம் போடுவதுதான் அது. தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். கீழ்க்கால் எலும்பின் மேல் டைட்டேனியம் அல்லது கோபால்ட் கலப்புத் தட்டு. இரண்டுக்கும் இடையில் பொலிஎதிலீன் என்ற கடினமான பிளாஸ்டிக் துண்டு. எலும்போடு இவற்றைப் பிடித்து வைக்க ஒருவகைச் சீமெந்து பூசப்படும்.

மூட்டின் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்துவந்தது இந்தப் பிளாஸ்டிக்தான். அது தேயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அவற்றை அகற்ற உடல் போராடும்போது, பக்கத்திலுள்ள நல்ல எலும்பும் கரைந்து போகிறது. எலும்பு கரைந்தால் மூட்டு ஆட்டங் காணும்.

"பத்து வருடம்" என்ற பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. 1990களின் நடுப்பகுதி வரை பல நிறுவனங்கள் இந்தப் பிளாஸ்டிக்கைக் காற்றுள்ள பொதிகளில் வைத்துக் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கின. ஒட்சிசன் பட்டு அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்றது. நெடுநாள் களஞ்சியத்தில் கிடந்தால் இன்னும் மோசம். பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது. பழைய பயம் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

பதிவேடுகள் சொல்வது

சுவீடன் 1975 முதல் தன் நாட்டில் பொருத்தப்படும் செயற்கை முழங்கால்களுக்குத் தேசியப் பதிவேடு வைத்து வருகிறது. பின்லாந்து, அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகளிலும் இத்தகைய பதிவேடுகள் உண்டு. எந்த வகை மூட்டு, எப்போது பொருத்தப்பட்டது, மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்ததா என்று ஒவ்வொன்றும் அவற்றில் பதியப்படுகிறது. விளம்பரத்தை விட இந்த ஏடுகளே நம்பத்தக்கவை.

அவுஸ்திரேலியா, பின்லாந்துப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. முழு முழங்கால் மாற்றியவர்களில், 15 வருடங்களின் பின் நூற்றுக்கு 93 மூட்டுகளும், 20 வருடங்களின் பின் 90 மூட்டுகளும், 25 வருடங்களின் பின் 82 மூட்டுகளும் மீள் சத்திரசிகிச்சையின்றி இருந்தன.

முழங்காலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை மாத்திரம் மாற்றும் முறையும் உண்டு. அந்த 'பகுதி மாற்று' மூட்டுகளில் 15 வருடத்தில் நூற்றுக்கு 76 அல்லது 77, 25 வருடத்தில் ஏறக்குறைய 70 மீள் சத்திரசிகிச்சையின்றி இருந்தன.

அப்படியானால் பகுதி மாற்று மோசமானதா? அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அதில் வெட்டு சிறிது, எழுந்து நடப்பது விரைவு, பாரதூரமான சிக்கல்களும் குறைவு. வலி வந்தால் அதை முழு மாற்றாக ஆக்குவது ஓரளவு இலகு என்பதால், வைத்தியர்கள் தயங்காமல் திரும்பத் திறக்கிறார்கள். அதுவும் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஆனால் இதை அடிக்கடி செய்து கைதேர்ந்தவர் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

மூன்றாவது வகை கீல் வைத்த மூட்டு. 1890இல் ஜேர்மனியின் பேர்லினில் தெமிஸ்டோகில்ஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தால் செய்து பொருத்தியது இந்த வகையைத்தான். கிருமித் தொற்றினால் அந்த முயற்சி கைகூடவில்லை. இன்றும் எலும்புப் புற்றுநோய், மூட்டு நார்கள் முற்றாகச் சிதைந்த நிலை, மீள் சத்திரசிகிச்சை போன்ற தேவைகளுக்குக் கீல் மூட்டு பாவிக்கப்படுகிறது. திரும்பும் விசை முழுவதும் எலும்பில் இறங்குவதால் அது சாதாரண மூட்டை விடச் சீக்கிரம் தளரக்கூடியது.

விலை கூடினால் ஆயுள் கூடுமா?

இங்கேதான் பணம் வீணாகிறது. தேய்வைக் குறைக்கும் என்று சொல்லி, ஒட்சியேற்றிய சேர்க்கோனியம் என்ற விலை கூடிய உலோகம் அறிமுகமானது. அதே வடிவமைப்பிலுள்ள சாதாரண கோபால்ட் குரோமிய மூட்டுகளோடு அவுஸ்திரேலியப் பதிவேட்டில் 12 வருடம் ஒப்பிட்டுப் பார்த்து, 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மீள் சத்திரசிகிச்சை குறையவில்லை. பிளாஸ்டிக் துண்டு அசையும் வகைக்கும் அசையாத வகைக்கும் இடையிலும், அசையும் வகை அதிக காலம் தாங்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கதிர் பாய்ச்சி இறுக்கிய புதிய பிளாஸ்டிக் மட்டும் அவுஸ்திரேலியப் பதிவேட்டில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது.

உங்கள் வயது என்ன?

மூட்டின் வகையைப் போலவே பொருத்துபவரின் வயதும் முக்கியம். 2017இல் 'லான்செட்'டில் வந்த பிரித்தானிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எழுபது வயதுக்கு மேல் முழங்காலை மாற்றியவர்களில், மீதி ஆயுள் முழுவதிலும் மீள் சத்திரசிகிச்சை தேவைப்படக்கூடியவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவிலேயே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களில் அது 35 வரை போகிறது. அதே வயதுப் பெண்களில் அதைவிடக் குறைவு.

இன்னொன்றையும் அந்த ஆய்வு சொல்கிறது. அறுபதுக்கு முன் மாற்றி, பின்னர் மீள் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களில் பாதிப் பேருக்கு அது நாலரை வருடத்துக்குள்ளேயே நேர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் பிளாஸ்டிக் தேய்ந்து முடியாது. கிருமித் தொற்று, மூட்டு சரியாக நிற்காமை, எலும்போடு பிடிக்காமை போன்றவையே முற்காலக் கோளாறுகளுக்குப் பெரிதும் காரணம்.

ஆகவே, எழுபது வயது உம்மா "பத்து வருடத்தில் பழுதாகிவிடும்" என்று பயந்து வலியோடு இருக்க வேண்டியதில்லை. அவருடைய காலம் வரை அந்த மூட்டு அநேகமாகக் கூடவே வரும். ஐம்பது வயதுக்காரரோ முதலில் உடல் எடையைக் குறைத்து, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்து, வைத்தியரின் ஆலோசனையோடு எவ்வளவு தள்ளிப் போடலாம் என்று பார்ப்பது புத்தி. இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதை விடக் கடினம்; அதன் ஆயுளும் குறைவு.

தொழுகையும் தரை இருப்பும்

செயற்கை முழங்கால் பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். குதிகாலில் அமரும் அத்தஹிய்யாத்து இருப்புக்கு 150 பாகை அளவு வேண்டும். முழுமையாக மடங்கும் என்று சொல்லி வந்த மூட்டு வகைகளும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பொருத்திய 72 முழங்கால்களைத் தென்கொரிய வைத்தியர்கள் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்று வருடத்துக்குள்ளேயே நூற்றுக்கு 38 வீதமானவற்றில் தொடைப் பக்கக் கவசம் தளர்ந்திருந்தது. குந்தியிருக்கவும் முழந்தாளிடவும் முடிந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது.

எனவே, கதிரையில் அமர்ந்து தொழுவதை ஒரு குறையாக எண்ணி மூட்டை வருத்தாதீர்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழவும், சுஜூது செய்ய இயலாதவர் சைகையால் நிறைவேற்றவும் மார்க்கத்தில் இடமுண்டு. மெதுவாக முழந்தாளிட முடிந்தவரை வைத்தியர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. உங்கள் மூட்டு எதுவரை மடங்கலாம் என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

கேட்க வேண்டியவை

எனக்கு முழு மாற்றா, பகுதி மாற்றா? ஏன்? இந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இந்த மூட்டு எத்தனை வருடமாகப் பாவனையில் உள்ளது, எந்த நாட்டுப் பதிவேட்டில் அதன் பெறுபேறு இருக்கிறது? இவற்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகே மேசையில் ஏற வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் காலில் புண், பல்லில் சீழ் என்று வந்தால் அசட்டை செய்யாதீர்கள். அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போகலாம்.

பொருத்தியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை வலி முழுமையாக நீங்கவில்லை என்று சொல்வதையும் மறக்க வேண்டாம். மூட்டு உடையாமல் இருப்பதும் வலி இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன எண்கள் முதலாவதைப் பற்றியவை மட்டுமே.

கடைசியாக ஒன்று. மூட்டின் பொதியில் அதன் பெயரும் இலக்கமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். 2021இல் எக்ஸாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் முழங்கால் பிளாஸ்டிக் துண்டுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது. பொதியில் ஒட்சிசனைத் தடுக்கும் படலம் ஒன்று இல்லாததால் அவை சீக்கிரம் தேயக்கூடும் என்பதே காரணம். 2004 முதல் தயாரித்தவையும் அதில் அடங்கின. இப்படி ஓர் அறிவித்தல் வரும்போது, தன் காலுக்குள் இருப்பது எது என்று தெரிந்தவர்தான் உடனே வைத்தியரிடம் போக முடியும். அந்தச் சிறு துண்டை வீட்டு உறுதியோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் ஒரே கோப்பில் வையுங்கள். அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.