மூலிகை வழக்காறும் அறிவுரிமையும்: அகத்தியமலையும் கலகாரியும்

மூலிகைகள் பற்றிய நாட்டார் வழக்காறுகளை வெறும் நம்பிக்கைகளாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. ஆயின், அவ்வழக்காறுகள் குறித்த நிலத்தில் உழைத்து வாழ்ந்த மக்களின் அனுபவ அறிவுமாகும். அவ்வறிவு ஆய்வுகூடத்தை அடையும்பொழுது அதற்கு உரியவர் யாவர் என்ற வினா எழுகின்றது. மலைநிலத் தாவரமொன்றும் பாலைநிலத் தாவரமொன்றும் இதனைத் தெளிவுறுத்துவன.

1987 டிசெம்பரில் அகத்தியமலைக் காட்டிற் களப்பயணம் மேற்கொண்ட தாவரவியலறிஞர், வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் சிறு கனிகளை உண்டு களைப்பின்றி நடந்தமையைக் கண்டனர். தாவரவியலிற் 'திரைக்கோப்பஸ் செயிலானிக்கஸ்' என இலங்கையின் பெயரைத் தாங்கும் இச்செடி, ஆரோக்கியப்பச்சை எனப்படும். இதிலிருந்து உருவான 'ஜீவனி' என்னும் மருந்தின் உற்பத்தியுரிமை 1995இல் 10 இலட்சம் ரூபாவுக்கு ஒரு கம்பனிக்கு வழங்கப்பட்டது. அத்தொகையிலும் 2 வீத விற்பனைப் பங்கிலும் சரிபாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1997இல் அவர்களுக்கென ஒரு நம்பிக்கைநிதியம் அமைந்தது. எனினும், மருந்தறிவைத் தம் மரபுச் செல்வமாகக் காத்துவந்த காணி வைத்தியருட் சிலர் இதனை ஏற்கவில்லை. இலைகளைச் சேகரிப்பதற்கு வனத்திணைக்களத்தின் தடையும் நேர்ந்தது. அறிவுக்குப் பங்கு கிடைத்தபொழுதும் காட்டின் மீதான உரிமை கிடைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கலகாரிப் பாலையின் சான் மக்கள், நெடுந்தூர வேட்டையின்போது 'ஊடியா' என்னும் சதைப்பற்றுள்ள செடியை மென்று பசியையும் தாகத்தையும் தணித்தனர். இவ்வழக்கத்தைத் தாவரவியலறிஞர் மார்லோத் 1930களில் எழுத்திற் பதிந்தார். 1990களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்க அரச ஆய்வு நிறுவனமொன்று, சான் மக்களின் சம்மதமின்றியே, பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை பெற்றது. அவர்களது எதிர்ப்பின் பின்னரே, 2003 மார்ச்சில், உரிமைப்பணத்தில் 6 வீதம் வழங்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆயின், பின்னர் முதலிட்ட பன்னாட்டுக் கம்பனி பாதுகாப்பு, பயன்பாடு பற்றிய ஐயங்களால் 2008இல் விலகியது. எதிர்பார்த்த வருவாய் கிட்டவில்லை.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது யாது? ஊடியாவைப் பொறுத்தவரை, வழக்காற்றைப் பதிந்த ஏடே அதனை உரியவரிடமிருந்து பிரித்தெடுக்கும் வழியுமாயிற்று. மரபறிவைப் பயன்படுத்த முன்சம்மதம் பெறுதலையும் பயன்பகிர்வையும் வலியுறுத்தும் நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஆயின், சட்டத்துக்கு முன்னரே தொடங்குவது களஆய்வு. எனவே, நாட்டார் மருத்துவத்தைத் தொகுக்கும் ஆய்வாளர், கூறியவர் எச்சமூகத்தினர், எதனை வெளியிட இசைந்தனர் என்பவற்றையும் தம் குறிப்பேட்டிற் பதிதல் வேண்டும். அது அம்மக்களுக்குச் செய்யும் உபகாரமன்று. ஆய்வின் அடிப்படைக் கடப்பாடாகும்.