வல்கன்: ஒரு முக்கோணத்துக்கு ஆயிரம் வரியா?

ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து கேம் எழுதிப் பார்க்கிறீர்களா? வல்கன் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். திரையில் படம் வரைய கிராபிக்ஸ் சிப்புக்குக் கட்டளையிடும் மென்பொருள் கருவி அது. 2016 பிப்ரவரியில் க்ரோனோஸ் குழுமம் வெளியிட்டது. அடித்தளம் ஏஎம்டியின் மேன்டில். ஆமாம், 1972-லேயே பினாங்கில் கால் வைத்த அதே ஏஎம்டிதான்.

வந்ததுமே டெவலப்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1992-இல் வந்த ஓபன்ஜிஎல்லில் மெமரியை டிரைவரே பார்த்துக்கொள்ளும். வல்கனில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். பெரிய எஞ்சின் எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், ஏன்னா வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தனியாளாக எழுதுபவருக்கோ ஒரு முக்கோணம் வரையவே ஏறக்குறைய ஆயிரம் வரி! அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. 2022-இல் வந்த 1.3 பதிப்பு சுமையைக் கொஞ்சம் இறக்கியது.

உங்களுக்கு இதுதான் முதல் கேமா? கோடோ 4 போன்ற எஞ்சினில் தொடங்குங்கள். வல்கனோடு அது பேசிக்கொள்ளும்.