எட்டுப் பெட்டி, எட்டுக் காலக்கெடு: முதன்முறை கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கு

லண்டன் மோர்டனில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களில் நவம்பர் கடைசியிலிருந்து கூரியர் வண்டிகள் ஓய்வதில்லை. பிளாக் ஃப்ரைடே தள்ளுபடியில் பிராசசர், கிறிஸ்மஸ் முடிந்ததும் மதர்போர்டு, அடுத்த சம்பளத்தில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பிள்ளையின் அறையில் அடுக்கி வைப்பார்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கணினியை அசெம்பிள் செய்வார்கள். கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுக்கு இது நியாயமான வழியாகத்தான் தெரியும். ஆனால் நவம்பரில் வந்த பிராசசர் பழுதானது என்பது பெப்ரவரியில்தான் தெரியவரும். அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் காலம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

கடையில் முழுதாகச் செய்து விற்கும் கணினி, சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள். எது கெட்டாலும் விற்றவர் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். கெட்டது ரேமா, போர்டா, பவர் சப்ளையா என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. நாமே அசெம்பிள் செய்யும்போது பிராசசர், கூலர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேஸ் என எட்டுப் பொருள்கள். கடைக்கு ஒன்றாக வாங்கினால் எட்டு ஒப்பந்தங்கள், எட்டுக் காலக்கெடுக்கள். எது பழுது என்று பிடிக்கும் பொறுப்பும் நம்முடையது. இதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை கற்றுக்கொள்கிறது, பின்னால் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடிகிறது. அது பெரிய இலாபம். வாங்கும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரித்தானியாவில் நமக்கு உள்ள முதன்மையான பாதுகாப்பு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வேலைக்கு உதவ வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்த 30 நாள், பொருள் நம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஓடுகிறது. பெட்டியை எப்போது திறந்தோம், சுவிட்சை எப்போது போட்டோம் என்பதற்கு அங்கே இடமில்லை.

30 நாள் கடந்தால் உரிமை போய்விடுவதில்லை, வடிவம் மாறுகிறது. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ விற்றவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அது சரிவராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் இப்படிக் கேட்டால், பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது விற்றவரின் பாடு. ஆனால் 30 நாளுக்குள் நேரடியாகப் பணத்தைக் கேட்கும்போது பழுதைக் காட்டும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஆறு ஆண்டு வரை வழக்குப் போட முடியும்.

இணையத்தில் வாங்கினால் இன்னொரு உரிமையும் உண்டு. பொருளில் குறை எதுவும் இல்லாவிட்டாலும், கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அனுப்பி வைக்க மேலும் 14 நாள் உண்டு. முதன்முறை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனெனில் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி பொருத்தம் பாராமல் வாங்குவதுதான்: டிடிஆர்5 போர்டுக்கு டிடிஆர்4 ரேம், கேஸுக்குள் நுழையாத நீளத்தில் கார்டு. ஒரே ஆர்டரில் வாங்கிய பல பொருள்கள் வெவ்வேறு நாளில் வந்து சேர்ந்தால், அந்த 14 நாள் கடைசிப் பொருள் வந்த பிறகுதான் எண்ணப்படும். எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே கடையில், ஒரே ஆர்டரில் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தள்ளுபடியில் பத்துப் பவுண் குறையலாம். ஆனால் எட்டுக் காலக்கெடு ஒன்றாகிறது. ஒரே நாளில் அசெம்பிள் செய்து, கிடைத்த வாரத்திலேயே சோதித்தும் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: 14 நாள் உரிமை, கடையில் எடுத்துப் பார்ப்பது போலப் பார்ப்பதற்கு மட்டுமே. பிராசசரில் பேஸ்ட் தடவிப் பொருத்திவிட்டு மனம் மாறினால், மதிப்புக் குறைந்ததற்காக விற்றவர் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். முத்திரை உடைத்த மென்பொருளுக்கு இந்த உரிமையே இல்லை.

மதர்போர்டுக்கு வருவோம், அதிகம் தகராறு நடக்கும் இடம் அதுதான். இன்றைய இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளிலும் ஊசிகள் பிராசசரில் இல்லை. சாக்கெட்டுக்குள், மயிரிழை போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளாக நிற்கின்றன. மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். விரல் பட்டாலோ, பிராசசர் சரிந்து விழுந்தாலோ நாலைந்து ஊசிகள் வளையும், போர்டு எழும்பாது. கடைக்கு அனுப்பினால், வளைத்தது வாங்கியவர்தான் என்று ஒரு வரியில் பதில் வரும். ஆகவே பெட்டியைத் திறப்பதிலிருந்து கைபேசியில் வீடியோ எடுங்கள். மூடியைத் தூக்கியதும், பிராசசரை வைப்பதற்கு முன், வெளிச்சம் சாய்வாக விழும்படி சாக்கெட்டைப் படம் பிடியுங்கள். ஊசிகளின் வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்கு எழுதுங்கள். அந்தக் கறுப்பு மூடியை எறியாதீர்கள். போர்டைத் திருப்பி அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

கேஸுக்குள் எல்லாவற்றையும் முறுக்குவதற்கு முன், போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு எழும்புகிறதா என்று பாருங்கள். டிடிஆர்5 போர்டு முதல்முறை எழும்பும்போது ரேமைப் பழக்கிக்கொள்வதற்குச் சில நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாகவே நிற்கும். பலர் இதைப் பழுது என்று நினைத்து, மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுகிறார்கள். பொறுத்திருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைக் கொண்டு ரேமை ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள்.

ரேமைப் பற்றி இப்போது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இலையுதிர் காலத்திலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரோன் நிறுவனம் தன் க்ருஷியல் சில்லறை வணிகத்தையே நிறுத்துவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. விலை ஏறிய காலத்தில் பணம் திரும்பக் கிடைப்பது எப்போதும் நன்மையாகாது. குறைந்த விலைக்கு வாங்கிய ரேம் பழுதாகி, கடை பழைய விலையைத் திருப்பித் தந்தால், அதே ரேமை அந்தப் பணத்துக்கு வாங்க முடியாமல் போகலாம். அப்படியான இடத்தில் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அது இயலாது, அல்லது மற்ற வழியோடு ஒப்பிட்டால் செலவு அளவுக்கு மீறியது என்றால் மட்டுமே விற்றவர் மறுக்க முடியும்.

கடனட்டையின் பாதுகாப்பும் பொருள் பொருளாகத்தான் வேலை செய்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு விற்றவரோடு சேர்ந்து கடனட்டை நிறுவனமும் பொறுப்பு. விலையில் ஒரு பகுதியை மட்டும் அட்டையில் செலுத்தியிருந்தாலும் போதும். ஆனால் ஒரு பொருளின் விலைதான் கணக்கு. மொத்தப் பில் கணக்கில்லை. 700 பவுண் ஆர்டரில் 350 பவுண் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. 85 பவுண் பவர் சப்ளைக்கு இல்லை. அதற்கு சார்ஜ்பேக் கேட்கலாம். அது சட்ட உரிமை இல்லை, அட்டை நிறுவனங்களின் விதி. கால எல்லையும் உண்டு, ஆகவே தாமதிக்கக் கூடாது. இணையச் சந்தையில் மூன்றாம் தரப்பு விற்பனையாளரிடமோ, பேபால் வழியாகவோ வாங்கும்போது 75-ஆம் பிரிவு பொருந்தாமல் போகக்கூடும்.

நம்மவர்களிடம் அதிகம் காணும் ஒரு பழக்கம், கடை நடத்தும் அப்பாவோ மாமாவோ வற் வரியை மீளப் பெறலாம் என்று பிள்ளையின் கணினிப் பாகங்களைக் கம்பனியின் பெயரில் வாங்குவது. வீட்டுப் பாவனைக்கான பொருளுக்கு அந்த வரியைக் கோருவதே முறையில்லை. அதைவிட, வாங்கியது கம்பனி என்றால் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நுகர்வோர் உரிமைகள் பொருந்தாது. 14 நாள் உரிமையும் இல்லை. 20 விழுக்காட்டை மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பாதுகாப்பையும் கைவிட வேண்டாம். பற்றுச்சீட்டு ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கட்டும். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் பெயரில்.

தனியாளிடம் வாங்கும் பாவித்த பாகங்களில் சட்டம் நமக்குக் கொடுக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது. சொன்னபடி பொருள் இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்ற அளவுக்குத்தான் கேட்க முடியும். அவர் சொன்னதுதான் ஆதாரம் என்பதால், என்ன மாடல், வேலை செய்கிறதா, எங்கே வாங்கியது என்பதைப் பேசாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தையும் படமாகச் சேமியுங்கள். மோர்டன் டியூப் ஸ்டேஷன் வாசலில் கைமாறும் கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வழியில்லை. விற்பவரின் கணினியில் ஓடுவதை நேரில் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி விலை கூடிய மாடல் போலக் காட்டும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் அளவு மீறி ஏறியதால் நிரந்தரச் சேதம் வருவதை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. அவற்றைப் பாவித்த நிலையில் வாங்குவதானால் அசல் பற்றுச்சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

வங்கிக்கு நேரே பணம் அனுப்பச் சொல்பவர்களிடமும், பேபாலில் நண்பர்களுக்கு அனுப்புவது போல அனுப்பச் சொல்பவர்களிடமும் வாங்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே வங்கியை அழையுங்கள். 2024 ஒக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டு நாட்டுக்குள் வங்கி வழியாக அனுப்பிய பணத்தை 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி; அதில் 100 பவுண் வரை கழிக்கலாம். ஆனால் அது மோசடிக்கு மட்டும். உண்மையான விற்பனையாளர் பழுதான பொருளைத் தந்தால் அது தகராறு; இந்த விதி உதவாது.

உயிருக்கு ஆபத்து வரக்கூடிய பாகம் பவர் சப்ளை ஒன்றுதான். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும், திறக்கவே கூடாது. 80 பிளஸ் கோல்ட் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள பவர் சப்ளைகளில், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றில் செருகினால் செருகிக்கொள்ளும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம்; எஸ்எஸ்டியும் போர்டும் அந்தக் கணமே எரியும். பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பாவியுங்கள். சுவருக்குப் போகும் கேபிளின் பிளக்கில் பிஎஸ் 1363 என்ற எழுத்தும், உள்ளே பியூஸும் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத மூன்று கால் பிளக்கை உடனே வீசுங்கள். பழுதான பவர் சப்ளை வேறு பாகங்களையும் எரித்திருந்தால் அந்த நட்டத்தையும் விற்றவரிடம் கேட்கலாம். 275 பவுணுக்கு மேற்பட்ட சொத்துச் சேதத்துக்கு, 1987-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடமோ இறக்குமதி செய்தவரிடமோ இழப்பீடு கோரவும் வழியுண்டு.

பழுது என்றதும் இரண்டு பதில்கள் வரும். தயாரிப்பாளரிடம் போங்கள் என்பது ஒன்று. ஒப்பந்தம் விற்றவரோடுதான், தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேலதிகமானது. கூரியரிடம் கேளுங்கள் என்பது மற்றது. பொருள் நம் கைக்கு வரும்வரை வழியில் நேரும் சேதம் விற்றவருடைய பொறுப்பு. இரண்டையும் ஏற்க வேண்டாம். தொலைபேசியில் வாதாடாமல் மின்னஞ்சலில், வாங்கிய திகதி, பழுது, 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். ஆங்கிலம் அலங்காரமாக இருக்கத் தேவையில்லை. பதில் வராவிட்டால் அட்டை நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்தாலோ, எட்டு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டாலோ நிதிக் குறைதீர் ஆணையத்துக்கு இலவசமாகப் போகலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இலக்கம் 0808 223 1133; அழைப்புக்குக் கட்டணமில்லை, தேவையானால் முறைப்பாட்டை டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் அவர்களே அனுப்புவார்கள். கடைசி வழி ஸ்மால் கிளெய்ம்ஸ்; 10,000 பவுண் வரையான வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நாமே போடலாம். அங்கே பேசப்போவது நீங்கள் எடுத்து வைத்த வீடியோவும் மின்னஞ்சல்களும்தான்.

புதியது எழும்பிய பிறகு பழைய கணினியை என்ன செய்வது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்ததால் இப்போது பல வீடுகளில் ஒன்று மூலையில் கிடக்கிறது. மோர்டன் கார்த் ரோட்டில் உள்ள மேர்டன் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையம் மின்சாதனங்களை ஏற்கிறது. கொண்டுபோகும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்போர்ட் நகல், வங்கி விவரம், ஹோம் ஆபீஸுக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இருக்கும். கோப்புகளை டிலீட் செய்வதால் மட்டும் அவை அழிவதில்லை.