ரொட்டிக்குப் பழகிய கையும் ஸ்கோனும்



தலைப்பைப் பார்த்ததும், "கிதாபு ஓதிக்கொடுக்கும் மௌலவிக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை வருடந்தோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கிடப்பது அழகல்ல. அதோடு, இந்த விடயம் எங்கள் வீட்டு வாசலைத் தேடித்தான் வந்தது.

2022 ஆம் ஆண்டு நாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. எங்கள் அயலில் ஒரு சகோதரி. கணவருக்கு வேலை நின்று போயிருந்தது. சிற்றுண்டி செய்து கடைக்குக் கொடுக்கத் துணிந்தார். கட்லட்டும் ரோல்ஸும் கொடுக்க ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால், ஒரு தேநீர்க்கடையில் ஸ்கோன் கேட்டிருக்கிறார்கள். 40 ஸ்கோன் செய்து அனுப்பினார். மறுநாள் 32 திரும்பி வந்தது. "தங்கச்சி, கடிச்சாப் பல்லுப் போயிடும்" என்றாராம் கடைக்காரர். மாவும் பட்டரும் சீனியும் கடனுக்கு வாங்கியவை. அந்தத் தட்டை என் மனைவியின் முன்னால் வைத்துவிட்டு அவர் அழுதது உள்ளறையில் இருந்த எனக்கும் கேட்டது.

மனைவி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "மாவை எப்படித் தங்கச்சி குழைச்சீங்க?"

"நல்லா அடிச்சுக் குழைச்சு, ஈரத்துணி மூடி, ராவெல்லாம் வெச்சேன் ராத்தா."

கோளாறு அங்கேதான் இருந்தது. நம் பெண்களின் கை ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் பழகிய கை. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதம் குளூட்டன் என்ற பசையாகிறது. குழைக்கக் குழைக்க அது இறப்பர் போல இழுபடும். பராட்டாவை வீசி விரிக்க அந்த இழுவை வேண்டும். பாணுக்கும் வேண்டும். ஸ்கோனுக்கோ அது எதிரி. ஸ்கோன் மாவைக் குழைக்கவே கூடாது; கூட்டிச் சேர்த்தால் போதும். பார்க்க அழகில்லாமல், மேடும் பள்ளமுமாய், கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். நம் கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகத் தெரிவதால்தான் இன்னும் இரண்டு குத்துக் குத்திக் கெடுத்துவிடுகிறோம்.

இரவு முழுக்க வைத்தது அடுத்த தவறு. ஈஸ்ட் போட்ட மாவுக்குத்தான் நேரம் வேண்டும். பேக்கிங் பவுடர் என்பது அப்பச்சோடாவும் ஒரு புளிப்பு உப்பும் கொஞ்சம் மாச்சத்தும் கலந்த தூள். ஈரம் பட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வாயுவைக் கிளப்பும். அந்த வாயு போய்ச் சேருமுன் பண்டம் சூட்டுக்குப் போய்விட வேண்டும். இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கலவைக்காரர் 1843 இல் இதைச் செய்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக ஒரு மனிதர் செய்த காரியம் இன்று உலகத்து அடுப்படிகளிலெல்லாம் நிற்கிறது.

ஸ்கோன் நம் மலைநாட்டுக்கு வந்தது வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரோடு. பிறப்பால் அது ஸ்கொட்லாந்துப் பண்டம். அந்தத் துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். கண்டிக்குத் தென்கிழக்கே தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்தில் பிறந்தவரே. 1892 இல் இறந்த அவர் நம் மஹியாவை மையவாடியில்தான் அடக்கப்பட்டிருக்கிறார். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை பரவியது. தேயிலையோடு பங்களாவும், பங்களாவோடு மாலைத் தேநீரும் பரவின. என் உம்மாவின் வாப்பா அந்தக் காலத்தில் துணிப் பொதியைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவர். ஒரு பங்களாச் சமையற்காரர் பின்வாசலில் வைத்து அவருக்குத் தந்ததை "பங்களா ரொட்டி" என்பார். வீட்டில் யாருக்கும் செய்யத் தெரியாது. பெரிய இடத்துப் பண்டம், ஒவன் இல்லாதவர்களுக்கு அது எட்டாது என்ற எண்ணம் எங்கள் உம்மாவுக்கும் கடைசிவரை இருந்தது.

உண்மை அப்படியல்ல. ஸ்கொட்லாந்து ஏழைகளின் வீட்டில் ஒவன் எங்கே இருந்தது? தட்டையான இரும்புக் கல்லில்தான் ஸ்கோனைச் சுட்டார்கள். நம் ரொட்டிச் சட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் அது.

இனி அளவுகளைச் சொல்கிறேன். 250 கிராம் கோதுமை மா, தலைதட்டிய 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு தரம் அரித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் பழையதா என்ற சந்தேகம் இருந்தால், அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சும்மா கிடந்தால் வீசிவிடுங்கள்.

60 கிராம் பட்டர் அல்லது மாஜரின் நன்றாகக் குளிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். அதைத் துருவி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் உதிர்த்து விடுங்கள். உள்ளங்கை படக் கூடாது. அதன் சூட்டில் பட்டர் உருகிவிடும். உருகாத பட்டர்த் துகள்கள் அடுப்பில் ஆவியை எழுப்பி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். ஸ்கோனின் மென்மையில் பாதி இங்கே இருக்கிறது. சுபஹுத் தொழுதுவிட்டு, கண்டிக் குளிர் விலகுமுன் செய்வது என் மனைவியின் வழக்கம்.

இப்போது பழம். நோன்பு முடிந்ததும் அநேக வீடுகளில் பேரீச்சம்பழம் மிஞ்சிக் கிடக்கும். 75 கிராம் அளவு கொட்டை நீக்கி, சிறிதாக நறுக்கி, மாவில் பிரட்டிப் போடுங்கள். பிளம்ஸும் போடலாம். ஒரு தோடம்பழத்தின் தோலை, வெள்ளைப் பாகம் வராமல், மேலாகத் துருவிச் சேருங்கள். வனிலா எசன்ஸ் போட வேண்டாம். அதில் பலவும் மதுசாரத்தில் கரைத்தவை. அது பற்றி உலமாக்களிடையே உள்ள பேச்சை இங்கே இழுக்கவில்லை. தோடம்பழ வாசனை இருக்கும்போது அந்தக் குழப்பமே தேவையில்லை. கடையில் 'ஷோர்ட்டனிங்' வாங்குவோர், அது தாவரக் கொழுப்பா மிருகக் கொழுப்பா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு முட்டையை அடித்து, 100 மில்லிலீட்டர் குளிர்ந்த பாலில் கலந்து, மாவின் நடுவே ஊற்றுங்கள். கரைத்து ஆறவைத்த பால்மாவும் போதும். கத்தி முனையால் கிளறுங்கள். ஒன்று சேர்ந்ததும் மா தூவிய பலகையில் கொட்டி, கையால் ஓர் அங்குலக் கனத்துக்குத் தட்டுங்கள். உருட்டுக்கட்டை வேண்டாம். கிளாஸ் விளிம்பை மாவில் தொட்டு நேராக அழுத்தி வெட்டுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாயும். இந்த அளவுக்கு எட்டு வரும். மேலே பால் தடவி, முன்கூட்டியே 220 பாகை சூடேற்றிய ஒவனில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

ஒவன் இல்லாத சகோதரிகள் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடத் தட்டி, கனமான ரொட்டிச் சட்டியில், மெல்லிய நெருப்பில், மூடி போட்டு, பக்கத்துக்கு ஏழு நிமிடம் சுடுங்கள். நெருப்புக் கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். முதலில் ஒன்றை மட்டும் சுட்டு, பிட்டுப் பார்த்து, நெருப்பைச் சரிசெய்துகொள்வது புத்தி.

ஜாமுக்கு அன்னாசி. அது தனியாக இறுகாது. இறுக்கும் சத்தான பெக்டின் அதில் குறைவு. கொய்யாவில் நிறைய உண்டு, அதுவும் முக்கால் பழத்தில். தோலும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 500 கிராம், விதை எடுத்த கொய்யா இரண்டு, இரண்டையும் பொடியாக நறுக்கி, ஒரு துண்டு கறுவாவோடு முதலில் சீனி இல்லாமல் அவியுங்கள். முதலிலேயே சீனி போட்டால் பழம் விறைத்து நிற்கும். மெதுவானதும் 400 கிராம் சீனியும் 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் சேர்த்து, பெருநெருப்பில் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

சில சமையல் நூல்களில் 105 பாகையில் இறக்கச் சொல்லியிருக்கும். அது கடற்கரைக் கணக்கு. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 98 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஜாமும் ஒன்றரைப் பாகை முன்னதாகவே பதமாகிவிடும். நுவரெலியாவில் இன்னும் முன்னதாக. நூலை நம்பிக் காத்திருந்தால் பாணிப்பதம் வந்து கரண்டி நிற்கும். ஆகவே ஒரு பீங்கான் தட்டைக் குளிரூட்டி, ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்து காய்ந்த போத்தலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் சீனியைப் பாதியாக்கலாமா என்று கேட்பார்கள். ஆக்கலாம், ஆனால் ஜாமைக் கெடாமல் வைத்திருப்பதே சீனிதான். தண்ணியாகவும் இருக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். ஸ்கோனையும் செய்த அன்றே சாப்பிடுவது நல்லது. மறுநாள் மிஞ்சினால் ரொட்டிச் சட்டியில் சற்றுச் சூடுகாட்டினால் உயிர் வரும்.

அந்தச் சகோதரி எங்கள் வீட்டு ரொட்டிச் சட்டியில் முதலில் எட்டுத்தான் சுட்டார். இம்முறை கொப்பி ஒன்றில் மா, பட்டர், பழம், விறகு என்று ஒவ்வொன்றின் செலவையும் எழுதி, எட்டால் பிரித்துப் பார்த்துத்தான் விலை சொன்னார். முன்பு அந்தக் கணக்கைப் பார்க்காமலே கொடுத்திருக்கிறார். திரும்பி வராதிருந்தாலும் அந்த 40 இல் அவருக்கு நட்டம்தான் வந்திருக்கும். கடைக்காரர் முதலில் பத்துக்கு மேல் எடுக்கத் தயங்கினார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் 30 போகிறது, ஜாம் போத்தல் தனி. கொய்யாவுக்கு மட்டும் எங்கள் வேலியோர மரத்துக்கு வருவார். போகும்போது தட்டில் இரண்டு வைத்துவிட்டுப் போவார்.