வியர்க்கும் லாக்கர்கள்

பாய்மரச் சிறுபடகு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வாசனை ஒன்று உண்டு. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த படகின் லாக்கரைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும் ஈர நெடி. லைஃப் ஜாக்கெட் வார்களில் சாம்பல் நிறப் பூசணம், மழைக்கோட்டின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள், கருவிப் பெட்டியின் கீல்களில் துரு. படகு எங்கோ ஒழுகுகிறது என்றுதான் முதலில் சந்தேகம் வரும். தேடிப் பார்த்தால் பல நேரம் ஓர் ஊசி ஓட்டைகூட இருக்காது.

தண்ணீர் வந்த வழி காற்று. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரியில் 17 கிராமுக்கு மேல் தாங்காது. லாக்கரின் பின்சுவர் பெரும்பாலும் படகின் உடற்பலகையேதான். அதன் மறுபக்கம் குளிர்ந்த நீர். அந்தச் சுவரைத் தொட்ட ஈரக்காற்று தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே முத்துமுத்தாக விட்டுவிடுகிறது.

படகுக்குள் ஈரத்தைச் சேர்ப்பதும் நாம்தான். தூங்கும் ஒருவர் மூச்சும் வியர்வையுமாக ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் நீரை வெளியேற்றுகிறார். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோ நீராவி பிறக்கும். உப்பு வேறு இருக்கிறது. கடல்நீரில் நனைந்து அப்படியே காய்ந்த துணி, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சி மறுபடி நசநசக்கும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாத உடையை லாக்கருக்குள் திணித்துவிட்டு, காற்றோட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடல்நீரை வெளியே நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விடுவது எப்படி? படகு கட்டுபவர்களை நெடுநாள் படுத்திய கேள்வி இது. இதற்குக் கிடைத்த விடைகளில் புகழ்பெற்றது, 1930இல் நியூயார்க்கில் நீரில் இறங்கிய ‘டொராட்’ என்ற பந்தயப் படகின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓலின் ஸ்டீஃபன்ஸ் இருபத்தோரு வயதில் வடிவமைத்த இந்தப் படகு, அடுத்த ஆண்டே அட்லான்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் வென்றது. அதன் மேல்தளத்தில் வைத்த காற்றுப்பெட்டிதான் இன்று உலகெங்கும் ‘டொராட் பெட்டி’. புனல் போன்ற வாய் வழியாகக் காற்றும் அலைத்துளியும் சேர்ந்தே பெட்டிக்குள் வரும். அறைக்குள் இறங்கும் குழாயோ புனலுக்கு நேர் கீழே இல்லை. சற்றுத் தள்ளி, பெட்டித் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. தண்ணீர் தரையில் விழுந்து ஓரத் துளைகளில் வடிந்துவிடும், காற்று மட்டும் குழாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். மோட்டார் இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை.

அறைக்கு வந்த காற்று லாக்கருக்குள்ளும் நுழைய வேண்டுமே! இங்கேதான் பலர் ஒற்றைத் துளை போட்டுவிட்டு ஏமாந்துபோகிறார்கள். நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு வழி வேண்டும்: கதவின் அடியிலும் உச்சியிலும். பழைய படகுகளில் பிரம்பு பின்னிய கதவுகளைப் பார்க்கலாம். அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல அவை. லாக்கரின் அடியில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தால் பொருள்களுக்குக் கீழேயும் காற்று ஓடும். உடற்பலகையை ஒட்டியும் அப்படிச் சட்டம் அடித்துவிட்டால் துணிமணி குளிர்ந்த சுவரில் படாது. மூலை லாக்கர் ஒன்று அப்போதும் அடம்பிடித்தால், கணினிக்குள் சுழலும் 12 வோல்ட் சிறு விசிறி போதும். பேட்டரியை அது அதிகம் தின்னாது.

ஆனால் வெளிக்காற்று எந்நேரமும் நண்பன் அல்ல. நியூ இங்கிலாந்து கடற்கரையில் வசந்தகாலத்தில் நீர் இன்னும் சில்லென்றிருக்க, தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வரும். அப்போது விசிறியை ஓட்டினால் ஈரத்தை இறக்குமதி செய்வதாகத்தான் முடியும். சுவருக்கு வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டுவதே அங்கே முதல் வேலை.

பூசணம் பொருளைக் கெடுக்கும், வாயு ஆளையே கொல்லும். எரிவாயு சிலிண்டர் வைக்கும் லாக்கருக்குச் சட்டமே வேறு. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர்போல் அடியில்தான் தேங்கும். ஆகவே அந்த லாக்கருக்கும் படகின் உட்புறத்துக்கும் இடையே ஒரு துளையும் கூடாது. அடித்தரையிலிருந்து நேராகக் கடலுக்கு வடிகுழாய் போக வேண்டும். பேட்டரிப் பெட்டியில் கதை தலைகீழ். சார்ஜ் ஏறும்போது வெளியாகும் ஹைட்ரஜன் மேலே ஏறும், அதனால் துளை உச்சியில். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும்.

பெட்ரோல் ஆவியும் கனமானதுதான். உள்ளே பெட்ரோல் எஞ்சின் இருக்கும் படகில், கிளப்புவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் ஊதுவிசிறியை ஓட்டும்படி அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கிறது. அந்த இடங்களில் கணினி விசிறியைப் பொருத்தவே கூடாது. தீப்பொறி வெளியேறாதபடி செய்த விசிறி வேண்டும். அதன் உறிஞ்சு குழாய் எஞ்சின் அறையின் அடிப்பகுதி வரை இறங்க வேண்டும், அங்கே தேங்கும் நீரில் மூழ்கும் அளவுக்குத் தாழவும் கூடாது. குழாய் நடுவில் கழன்றிருந்தாலும் விசிறிச் சத்தம் என்னவோ அதேபோல்தான் கேட்கும். அதனால் அனுபவசாலிகள் நான்கு நிமிடம் முடிந்த பிறகும் எஞ்சின் மூடியைத் தூக்கி, குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்கள்.