ஒரு நாள் வரவில்லை... கவுண்டர் போய்விட்டது!

ஜவுளிக் கடைக்குப் போகிறீர்கள். பட்டுச் சேலை கவுண்டரில் வழக்கமாக நிற்கும் ஆளைக் காணோம். வேறு ஒருவர் நிற்கிறார்.

"அவர் எங்கே?" என்று கேட்கிறீர்கள்.

"அவரா? குடோனுக்கு மாற்றிவிட்டார்கள்."

"ஏன்?"

"இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை!"

இரண்டே இரண்டு நாள்தான். அது ஒரு கடைச் சிப்பந்தியை எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் பெரியது.

பல கடைகளில், மாதம் முழுவதும் லீவு போடாமல் வந்தவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் அந்தத் தொகை முழுவதும் போய்விடும். மாதச் சம்பளம் 15,000 ரூபாய், அந்தத் தனித் தொகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய். ஆனால் ஒரு நாள் வராதவருக்கு நஷ்டம் 1,500 ரூபாய்! விற்பனைக்குக் கமிஷன் உள்ள கடையானால் அன்றைய கமிஷனும் இல்லை. குடோனுக்கு மாற்றிவிட்டால் கமிஷனே இல்லை.

போனஸும் குறையும். சம்பளத்தோடு எடுக்கும் லீவு, வேலை செய்த நாளாகவே கணக்கில் சேரும். சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்த நாள் சேராது. தீபாவளிக்குக் கையில் வாங்கும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

முதலில் மாறும் முகம்

ஒரு கவுண்டரில் நாலு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் நின்றால் இரண்டு பேர் சாப்பிடப் போகலாம். ஒருவர் வரவில்லை என்றால் மற்ற மூவருக்கும் சாப்பாடு மூன்று மணிக்கோ, நாலு மணிக்கோதான். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குவதும் அவர்கள் தலையில்தான்.

ஆகவே வராதவர் மறுநாள் வந்ததும் முதலில் மாறுவது முதலாளியின் முகம் அல்ல. பக்கத்தில் நிற்கிறவரின் முகம்! "நேற்று நீ நன்றாகத் தூங்கினாய். எங்களுக்குக் கால் போய்விட்டது" என்பார். இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான்!

மாற்று ஆள் இல்லாமல், எண்ணி எண்ணி ஆள் வைத்து நடத்துகிற முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பழி விழுவது என்னவோ வராதவர் மேல்தான்.

தங்கை கல்யாணம்

சிப்பந்திக்கு லீவு தேவைப்படும் நாளும், கடைக்கு ஆள் தேவைப்படும் நாளும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன.

தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்கிறார். கல்யாணம் முகூர்த்த மாதத்தில்தானே நடக்கும்? கடையில் கூட்டமும் அப்போதுதான்! ஊரில் அம்மன் கொடை என்கிறார். அது ஆடி மாதம். கடையில் ஆடித் தள்ளுபடி! தீபாவளி, பொங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சென்னை தியாகராய நகர்க் கடைகளில் வேலை செய்கிறவர்களில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளம். கடைக்காரர் கொடுக்கும் விடுதியில் தங்கியிருப்பார்கள். ஊருக்குப் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. இரண்டு நாள் என்று சொல்லிவிட்டுப் போனவர், தாய் முகத்தைப் பார்த்ததும் இன்னும் ஒரு நாள் தங்கிவிடுகிறார். போனையும் அணைத்து வைத்துவிடுகிறார். வினை அங்கேதான் ஆரம்பம்.

வராததை மேனேஜர் மன்னித்தாலும் மன்னிப்பார். சொல்லாமல் இருந்ததை மன்னிப்பதில்லை. காலை எட்டு மணிக்கு, "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அவர் வேறு கவுண்டரில் இருந்து ஓர் ஆளை நகர்த்திக்கொள்வார். கடை திறந்து, கூட்டம் வந்த பிறகு தெரிந்தால் என்ன செய்வார்? அன்றைக்கு அவர் முதலாளியிடம் வாங்கும் திட்டு, அடுத்த மாதம் ஷிப்ட் போடும்போது திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும், இரவு ஷிப்டும் யாருக்கு விழுகின்றன என்று பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைகள் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-லும், 2022-லும் அனுமதி கொடுத்தது. ஷிப்டுகள் பெருகின. வார விடுமுறையை முறை வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த அனுமதியோடு சேர்ந்த நிபந்தனைதான்.

36 நாள் இருக்கிறது!

லீவு என்பது முதலாளி மனம் இரங்கிக் கொடுக்கும் பிச்சை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. தமிழ்நாட்டில் கடைகளுக்கு என்று 1947-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் லீவு. நோய் வந்தால் 12 நாள். ஓர் ஆண்டு வேலை செய்து முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் இன்னும் 12 நாள். எல்லாம் சம்பளத்தோடு!

இ.எஸ்.ஐ.யில் பணம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு துணை உண்டு. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், நோயால் வராத நாட்களுக்கு, தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். குறிப்பிட்ட நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

இத்தனையும் இருந்தும், "வராத நாள் எல்லாம் சம்பளம் கட்" என்று கேள்வி முறை இல்லாமல் எழுதுகிற கடைகள் இருக்கின்றன. கேட்கிற சிப்பந்தியும் இல்லை.

"நாளை முதல் வராதே!"

சரி, நாலு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வருகிறார். "நாளை முதல் வராதே" என்கிறார் மேனேஜர். அவ்வளவுதானா?

இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அல்லது அதற்கான சம்பளம் கொடுக்க வேண்டும். தவறு செய்தார் என்று நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதானால், விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். மேற்சொன்ன சட்டத்தின் 41-வது பிரிவு இதைச் சொல்கிறது.

ஒரு தொழிற்சாலை வழக்கில் 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 8 நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகவே போய்விடும் என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி. அந்த விதியைக் காட்டி ஒரு தொழிலாளியை நிறுத்திவிட்டார்கள். அவரோ, "நான் வந்தேன், வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்" என்றார். அவருடைய பேச்சைக் கேட்காமல் நிறுத்தியது செல்லாது என்று கோர்ட்டு கூறியது. பாதிச் சம்பள பாக்கியோடு வேலையும் திரும்பக் கிடைத்தது! அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2012-ல் அதே கோர்ட்டு, வேண்டுமென்றே வராமல் இருந்தாரா என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. வர முடியாமல் போனது வேறு, வராமல் இருந்தது வேறு!

ஆனால், வர முடியாமல் போனதற்குச் சிப்பந்தியின் கையில் ஆதாரம் இருப்பது நல்லது. வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி நிற்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு நிற்கும். அதை அழித்துவிட்டு, இதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் அநேகர்.

வேலையை விட்டு நீக்கிவிட்டால், உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். கடையில் இருந்து விளக்கம் கேட்டுப் பதிவுத் தபால் வந்தால், சிலர் பயந்துபோய் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். "கேட்டோம், பதில் இல்லை" என்று சொல்வதற்கு, திரும்பி வந்த அந்தக் கவரையே முதலாளி சாட்சியாகக் காட்டுவார். வாங்கிப் படித்து, வராததற்குக் காரணத்தை நாலு வரியில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும். எழுதத் தடுமாறுகிறவருக்கு, பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும்.